குப்பத்துப் பழைய படங்கள்: காப்பாற்றுவதும் படிப்பதும்

சென்னையின் வடகோடியில் எண்ணூர், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் பக்கம் பல வீடுகளில் பீரோவின் அடித்தட்டில் ரேஷன் கார்டோடு பத்திருபது பழைய புகைப்படங்கள் கிடக்கும். உப்புக்காற்றும் ஈரமும் அவற்றை அரித்துக்கொண்டே இருக்கின்றன. கரை எப்படி இருந்தது என்பதற்கு இந்தப் படங்களை விட்டால் பெரிதாக வேறு சாட்சி கிடையாது.

முதலில், கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்காதீர்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் அது பசையாகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். பின்பலகையை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். எச்சில் தொட்டு முந்தானையால் துடைப்பதுதான் அதிகப் படங்களைக் கெடுத்திருக்கிறது. வெள்ளைப் பூஞ்சை இருந்தால் படத்தை நன்றாக உலரவிட்ட பிறகே பிரஷ் போடுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் இன்னும் பரவும்.

அக்ஃபா கிளிக் போன்ற பெட்டிக் கேமராவில் எடுத்த சின்னச் சதுரப் படங்கள் இரண்டேகால் அங்குலம்தான் இருக்கும். அவற்றை ஸ்கேன் செய்ய 1200 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), போஸ்ட்கார்டு அளவுக்கு 600, நெகட்டிவ் கிடைத்தால் குறைந்தது 2400. கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். பழுப்புக் கறையைப் பின்னால் பிரித்தெடுக்க அந்த நிறத் தகவல் வேண்டும். ஸ்கேனரின் தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். செல்போன்தான் இருக்கிறதென்றால், வெயில் நேராக விழாத ஜன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல், போன் படத்துக்கு இணையாக இருக்கும்படி எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

இனி படிப்பது. முதலில் திசையைப் பிடியுங்கள். நம் கரையில் கடல் கிழக்கே. படத்தில் கடல் வலப்பக்கம் இருந்தால் கேமரா வடக்குப் பார்க்கிறது, இடப்பக்கம் இருந்தால் தெற்கு. நிழல் ஊர்ப்பக்கம் விழுந்தால் காலை, கடல்பக்கம் விழுந்தால் மாலை. இதைச் சொல்லுமுன் படம் இடவலம் மாறிப் பிரதியாகவில்லையே என்று பாருங்கள்: எழுத்து ஏதும் இருந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும், இல்லையென்றால் முந்தானை எந்தத் தோளில் என்று பார்க்கலாம்.

அடுத்து புகைபோக்கி. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கியது, முகத்துவாரத்துக்கு வடக்கே இருக்கும் வடசென்னை அனல்மின் நிலையம் 1994இல். நெட்டுக்குப்பத்திலிருந்து வடக்குப் பார்த்த படத்தில் வானம் வெறிச்சென்று இருந்தால் 1994க்கு முந்தையது எனலாம். தெற்குப் பார்த்த படத்தில் வடசென்னைப் புகைபோக்கி இல்லாததற்கு எந்த அர்த்தமும் இல்லை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

சுவரெழுத்தும் உதவும். யானைத் தும்பிக்கை போல் சுழித்த பழைய 'லை', 'ணை' இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பழைய கை பழக்கத்தை விடாது, அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சுவரில் அ.தி.மு.க.வின் இரட்டை இலை இருந்தால் 1973க்கு முன் போகவே முடியாது. வண்டி எண் 'டி.என்.' என்றால் 1989க்கு முன் போகாது. எப்போதும் படத்தில் உள்ளவற்றிலேயே புதிய பொருள்தான் வருடத்தைக் கட்டும். பழைய வலையும் பழைய பானையும் நாற்பது வருடம் கழித்தும் வாசலில் கிடக்கும்.

பருத்தி வலை தடித்துக் கறுத்து, கனத்துத் தொங்கும்; காயப்போடாவிட்டால் மக்கிவிடும். அதனால்தான் பழைய படங்களில் கரை முழுக்க வலை காய்கிறது. நைலான் வந்ததும் அந்தக் காட்சி குறைகிறது. மணலில் தனித்தனியாகக் கிடக்கும் நீள மரங்களை 'உடைந்த படகு' என்று எழுதிவிடாதீர்கள். கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கட்டவிழ்த்து மரங்களை உலரவிடுவார்கள். கரை முழுக்க ஃபைபர் படகாக இருந்தால் பெரும்பாலும் 2004 சுனாமிக்குப் பிந்தைய படம். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, வாயில் பனையோலைப் பறியை (பிடித்ததைப் போடும் கூடையை) கடித்திருப்பவர்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். 'குளிக்கிறார்கள்' என்று குறித்துவைத்தால் ஒரு தொழிலே காணாமல் போகும்.

பெரியவர்களிடம் "எந்த வருஷம் ஆயா?" என்று ஆரம்பித்தால் பதில் வராது. "இந்த மரம் (கட்டுமரம்) யாருது நைனா?", "வாடைக்காத்துக் காலமா?", "அப்போ உங்க மூத்த பிள்ளை பொறந்துடுச்சா?" என்று கேளுங்கள். பெயரும் வயதும் தானாக வரும். மூலப் படத்தைக் கையில் கொடுக்காமல், பெரிதாக எடுத்த பிரதியைக் கொடுங்கள். விரலால் தொட்டுத் தொட்டுத்தான் சொல்வார்கள்.

பேனாவால் பின்பக்கம் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறும். பளபளப்பான கலர்த் தாளில் பென்சிலும் பிடிக்காது. படத்தை வைக்கும் காகித உறைமேல், படத்தை உள்ளே போடுமுன் எழுதுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டாம், வெயில் காலத்தில் படத்தோடு ஒட்டும். அடித்தட்டு வெள்ளத்துக்கு முதல் பலி, அதனால் மேல்தட்டில் வையுங்கள். நனைந்துவிட்டால் நல்ல தண்ணீரில் அலசி, முகம் மேலாகத் தனித்தனியே நிழலில் பரப்புங்கள். இரண்டு நாளுக்குள் முடியாதென்றால் இடையிடையே மெழுகுத்தாள் வைத்து ஃப்ரீசரில் போடலாம்.

உறைமேல் எழுதுவது இப்படி இருக்கட்டும்: "முகத்துவாரம், ஆற்றங்கரை. வடக்குப் பார்த்தது. புகைபோக்கி இல்லை, 1994க்கு முன். நால்வர் இறால் தடவுகிறார்கள். இடமிருந்து மூவர் பெயர் தெரியும். வலக்கோடியில் பறி கடித்திருப்பவர் பெயர் கேட்க வேண்டும்."