பாக்டீரியாச் சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்துத் தடுப்பூசி செய்யும் முறை

பாக்டீரியாவின் உறையிலுள்ள பாலிசாக்கரைடை (நீண்ட சர்க்கரைச் சங்கிலியை) மட்டும் தடுப்பூசியாகக் கொடுத்தால், நோயெதிர்ப்பைத் தூண்டும் வெள்ளணுக்களான டி செல்களின் உதவி கிடைக்காததால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் போதிய எதிர்ப்பாற்றல் உருவாவதில்லை. அதே சர்க்கரையைப் புரதத்தோடு வேதிப்பிணைப்பால் இணைத்தால் அந்த உதவி கிடைத்துவிடும். இரண்டையும் வெறுமனே கலந்து வைப்பதால் பயனில்லை. 1987இல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற, ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சா பி பாக்டீரியாவுக்கு எதிரான ஹிப் தடுப்பூசி இந்த வழியில் உருவானதே.

சர்க்கரையைப் பிணைக்கும் தாங்கிப் புரதமாக டெட்டனஸ் டாக்ஸாய்டு (நச்சுத்தன்மை நீக்கிய பாக்டீரிய நச்சு), டிப்தீரியா டாக்ஸாய்டு, நச்சுத்தன்மை இழந்த டிப்தீரியா நச்சின் திரிபான சிஆர்எம்197 ஆகியவை பெரும்பாலும் பயன்படுகின்றன.

அடுத்து, சர்க்கரையில் வினைபுரியும் இடங்களை உண்டாக்க வேண்டும். அடுத்தடுத்த இரு கார்பன்களில் ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ள சர்க்கரையைச் சோடியம் பெர்அயோடேட்டுடன் இருட்டில் வினைபுரியச் செய்தால், அக்கார்பன்களுக்கு இடையிலான பிணைப்பு அறுந்து ஆல்டிஹைடுகள் தோன்றும். முழு வேலையிலும் மிகுந்த கவனம் கோருவது இந்தப் படிதான் என்பது என் உறுதியான கருத்து. பெர்அயோடேட் குறைந்தால் பிணைப்புக்குப் போதிய இடங்கள் அமையா. மிகுந்தால், எதிர்ப்பொருள் அடையாளம் காணவேண்டிய வடிவமே சிதைந்து, நன்றாகப் பிணைந்திருந்தும் பயன் தராத ஒரு பொருளே மிஞ்சும். ஆகவே சிறிய அளவில் பல விகிதங்களைச் சோதித்து, எத்தனை சர்க்கரை அலகுகளுக்கு ஓர் ஆல்டிஹைடு என்று அளந்த பின்னரே பெரிய அளவுக்குச் செல்ல வேண்டும். மிஞ்சிய பெர்அயோடேட்டைக் கிளிசரால் சேர்த்துச் செயலிழக்கச் செய்யலாம்.

பிறகு புரதத்தைச் சேர்க்கும்போது, அதன் லைசின் என்ற அமினோ அமிலங்களிலுள்ள அமினோ தொகுதிகள் ஆல்டிஹைடுகளுடன் சேர்ந்து எளிதில் பிரியக்கூடிய இமைன் பிணைப்பை உண்டாக்கும். சோடியம் சயனோபோரோஹைட்ரைடு அதை வேதியியல் ஒடுக்கத்தால் (reduction) நிலையான பிணைப்பாக்கும். சயனோபோரோஹைட்ரைடு அமிலத்தில் நச்சான ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடுவதால், நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் புகைப்போக்கிப் பெட்டியில் (fume hood) மட்டுமே கையாள வேண்டும். இறுதியில் எஞ்சிய ஆல்டிஹைடுகளைச் சோடியம் போரோஹைட்ரைடால் ஆல்கஹாலாக மாற்ற வேண்டும்.

டைபாய்டு பாக்டீரியாவின் உறையிலுள்ள விஐ (Vi) என்ற சர்க்கரைக்கு இம்முறை ஒத்துவராது. அதில் அடுத்தடுத்த ஹைட்ராக்சில் தொகுதிகள் இல்லாததால், அதன் கார்பாக்சில் தொகுதிகளைக் கார்போடைஇமைடால் தூண்டி, அடிப்பிக் அமில டைஹைட்ரசைடை இடையிணைப்பாகக் கொண்டு பிணைக்கிறார்கள். விஐயின் ஓ-அசிட்டைல் தொகுதிகள் காரத்தில் உதிர்ந்தால் எதிர்ப்பைத் தூண்டும் திறன் குறைந்துவிடும் என்பதால், காரத்தன்மை மிகாமல் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

சவ்வு வடிகட்டலால் சிறு மூலக்கூறுகளையும் பிணையாத சர்க்கரையையும் நீக்கிய பின், சர்க்கரை–புரத விகிதம், மூலக்கூறு அளவு, பிணையாச் சர்க்கரையின் அளவு ஆகியவற்றை அளக்க வேண்டும். பிணையாச் சர்க்கரையைச் சேமிப்புக் காலத்திலும் திரும்பத் திரும்ப அளப்பது அவசியம். சர்க்கரைச் சங்கிலி நீராற்பகுப்பால் உடைந்து மெல்லக் கழன்றுவிடுவதுண்டு.