கடைசிக் கிணற்றுக்கும் வோல்டேஜ் கிடைக்க

லோ வோல்டேஜ் என்றதும் எல்லோரும் கேட்பது பெரிய டிரான்ஸ்பார்மர். உடுமலைப் பக்கம் லைன் இன்ஸ்பெக்டராகத் தோட்டம் தோட்டமாகச் சுற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: வோல்டேஜ் எங்கே குறைகிறது என்று பார்க்காமல் டிரான்ஸ்பார்மரை மாற்றினால், லைனின் கடைசியில் இருக்கும் கிணற்றுக்காரருக்கு ஒன்றும் மாறாது.

முதலில் அளக்க வேண்டும். எல்லா மோட்டாரும் ஓடும் நேரத்தில் வயர்மேன் டிரான்ஸ்பார்மரில் அளக்கட்டும், அதே நேரத்தில் கடைசி சர்வீஸில் நீங்கள் பாருங்கள். அங்கே 415, இங்கே 340 என்றால் கோளாறு லைனில். அங்கேயே குறைவு என்றால் டிரான்ஸ்பார்மரிலோ அதற்கு மேலே உள்ள லைனிலோ. 340 வோல்ட்டில் மோட்டாரின் முறுக்குவிசை மூன்றில் இரண்டு பங்காகிவிடும். ஆம்பியர் ஏறும், காயில் கருகும்.

லைனில் குறை என்றால் ஜம்பர்களையும் (கம்பத்தில் லைன்களைச் சேர்க்கும் துண்டுக் கம்பிகள்) இணைப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். கருத்துப்போன கிளாம்ப் ஒன்றே போதும், அந்த ஃபேஸ் மட்டும் தனியாக இறங்கும். ஒரு வீட்டில் பல்பு மங்கி, பக்கத்து வீட்டில் கண் கூசினால் நியூட்ரல் கம்பி விட்டிருக்கிறது. அன்றைக்கே புகார் கொடுங்கள், இல்லாவிட்டால் டிவியும் ஃப்ரிட்ஜும் போய்விடும். கம்பத்தில் நீங்கள் ஏற வேண்டாம்.

அடுத்தது கப்பாசிட்டர், மோட்டார் லைனிலிருந்து இழுக்கும் வீண் கரன்ட்டைக் குறைக்கும் பெட்டி. நம் ஆட்கள் அதிகம் அலட்சியப்படுத்துவது இதைத்தான், பலன் அதிகம் தருவதும் இதுதான். பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரன்ட்டில் வேலைக்குப் போகும் பங்கு) 0.75-லிருந்து 0.95-க்கு ஏறினால், அதே வேலைக்கு லைனில் ஓடும் கரன்ட் ஐந்தில் ஒரு பங்கு குறையும். லைனில் வீணாகும் மின்சாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். கப்பாசிட்டரின் அளவு கே.வி.ஏ.ஆர். கணக்கில்: 5 ஹெச்.பி. மோட்டாருக்கு 2, 7.5-க்கு 3. ஸ்டார்ட்டருக்கு அப்புறம், மோட்டாரோடு சேர்ந்து ஆன் ஆகிற மாதிரி இணைக்க வேண்டும். மாட்டியிருந்தால் மட்டும் போதாது. மோட்டார் ஓடும்போது கப்பாசிட்டரின் ஒயர் ஒவ்வொன்றிலும் கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள். 2 கே.வி.ஏ.ஆர். என்றால் ஃபேஸுக்கு இரண்டரை ஆம்பியர் போலக் காட்ட வேண்டும். ஒன்றில் சைபர் என்றாலோ, பெட்டி உப்பியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். சப்ளையை நிறுத்திய உடனே அதைத் தொடாதீர்கள், உள்ளே சார்ஜ் இருக்கும். ஒருவர் மட்டும் போட்டால் லைனுக்குப் பெரிய லாபமில்லை. அந்த டிரான்ஸ்பார்மரில் உள்ள அத்தனை தோட்டக்காரர்களும் பேசி ஒன்றாகப் போட்டால், கடைசி ஆளுக்கு வித்தியாசம் தெரியும்.

மும்முனை இல்லாத நேரத்தில், இல்லாத ஃபேஸுக்கு ஈடாகக் கன்டென்சர் போட்டு இரண்டு ஃபேஸில் மோட்டார் ஓட்டும் வழக்கத்தை தயவுசெய்து விடுங்கள். அந்த ஃபேஸ்களில் பாரம் கூடி, அதே லைனில் இருக்கும் வீடுகளின் வோல்டேஜ் இறங்குகிறது.

வீட்டு இணைப்புகள் ஒரே ஃபேஸில் குவிந்திருந்தால் பிரித்துப் போடச் சொல்லிக் கேட்கலாம்.

பெரிய டிரான்ஸ்பார்மர்களில், வோல்டேஜைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் டேப் சுவிட்ச் இருக்கும். ஒரு படிக்கு 2.5 சதவீதம், அதாவது சுமார் 10 வோல்ட். சப்ளையை நிறுத்தித்தான் மாற்ற வேண்டும், மாற்றுவது மின்வாரியத்தின் வேலை. நான் இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு: பகலில் மோட்டாருக்காக ஏற்றிய வோல்டேஜ், இரவில் மோட்டார்கள் நின்றதும் வீடுகளில் எகிறும்.

இவ்வளவுக்கும் பிறகு வோல்டேஜ் குறைந்தால், பிரிவு அலுவலகத்தில் மனு கொடுங்கள். பெரிய டிரான்ஸ்பார்மர் என்று கேட்காமல், உயர் அழுத்த லைனை உள்ளே நீட்டி, கடைசித் தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்று கேளுங்கள். இரண்டு முனையிலும் அளந்த எண்களைத் தேதி, நேரத்தோடு மனுவிலேயே எழுதிவிடுங்கள். உதவிப் பொறியாளர் மதிப்பீடு போட அது கைகொடுக்கும்.