நட்சத்திரங்களைப் படமெடுக்கப் போகும் இரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நட்சத்திரப் படங்கள் பெரும்பாலும் கெடுவது கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே. தேதியும் மணியும் திசையும் பிசகிவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, எப்படித் திருகினாலும் பயனில்லை.

"அமாவாசையை ஒட்டிப் போவோம்" என்று பொதுவாக நாள் குறிப்பது முதல் தவறு. அமாவாசைக்கு முன்பா, பின்பா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் நாம் படமெடுக்கப் போவது பால்வெளியின் மையத்தை. அது வானில் மூலம், பூராடம் நட்சத்திரங்களுக்கு அருகில் இருக்கிறது. மார்ச் நடுவில் தமிழ்நாட்டில் அது நள்ளிரவு தாண்டித்தான் உதிக்கும். படமெடுக்கும் உயரத்துக்கு வர 2 மணிக்கு மேல் ஆகிவிடும். தேய்பிறையின் கடைசி நாட்களில் நிலாவும் அதே பின்னிரவில் எழுந்து வானத்தை வெளுக்க வைக்கும். அதனால் மார்ச்சில் அமாவாசையிலிருந்து வளர்பிறை சப்தமி வரையிலான நாட்களைத் தேர்ந்தெடுங்கள். நிலா முன்னிரவிலோ நள்ளிரவை ஒட்டியோ மறைந்துவிடும், விடியும்வரை இருட்டு உங்களுக்கே. மே கடைசியில் கணக்கு தலைகீழ். மையம் இரவு 10 மணிக்கே நன்றாகத் தெரியும் என்பதால் அமாவாசைக்கு முந்தைய ஒரு வாரம் நல்லது. திதியை நாள்காட்டித் தாளிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது திசை. மையம் தெற்கு வானில்தான் ஏறும், உச்சத்தில் சுமார் 50 பாகை. ஊருக்கு வடக்கே போய் நின்றால் ஊர் வெளிச்சம் முழுவதும் சட்டகத்துக்குள் வந்துவிடும். ஊருக்குத் தெற்கே போங்கள், வெளிச்சம் முதுகுப்பக்கம் இருக்கட்டும். இடத்தைப் பகலிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். காப்புக்காடுகளுக்குள் இரவில் நுழைய அனுமதி கிடையாது, மலைச் சாலைகளில் யானை நடமாட்டமும் உண்டு. தெரிந்தவர் தோட்டமோ கிராமத்து ஏரிக்கரையோ போதும். மூடிய ஷூ கட்டாயம்.

நண்பருடன் போவது பாதுகாப்பு. ஆனால் அவர் கையிலிருக்கும் செல்போன்தான் படத்தின் முதல் எதிரி. 10 விநாடி ஷட்டர் திறந்திருக்கும்போது பக்கத்தில் ஒருவர் போன் திரையைப் பார்த்தாலே முன்னணியில் உள்ள பாறையும் புல்லும் வெளிறிவிடும். "போட்டுட்டேன்", "முடிஞ்சுது" என்று குரல் கொடுக்கும் வழக்கத்தை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிரைபாடும் ஒரே வரிசையில் நிற்கட்டும். ஒன்றுக்கு முன்னால் மற்றொன்று வேண்டாம். ஆட்டோஃபோகஸ் உதவி விளக்கை அணைத்துவிடுங்கள். கேமராவில் மின்னும் சிறு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுங்கள். கார் சாவியைத் தெரியாமல் அழுத்தினால் இண்டிகேட்டர் பளிச்சிடும், அதனால் சாவி பைக்குள் இருக்கட்டும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு வெள்ளை டார்ச் அதைக் கெடுத்துவிடும். சிவப்பு விளக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

ஷட்டர் நேரத்துக்குப் பலர் இன்னும் 500 விதியை நம்புகிறார்கள்: 500ஐ லென்ஸின் குவிய நீளத்தால் வகுத்தால் வருவதே நட்சத்திரம் கோடாகாத விநாடிகள் என்பது அந்த விதி. 18 மி.மீ. கிட் லென்ஸ், 1.5 கிராப் கேமரா (சென்சார் சிறியது, அதனால் குவிய நீளத்தை 1.5ஆல் பெருக்க வேண்டும்) என்றால் 500 வகுத்தல் 27, அதாவது சுமார் 18 விநாடி. 24 மெகாபிக்சல் சென்சாரில் அந்த நேரத்தில் நட்சத்திரம் 5, 6 பிக்சல் நகர்ந்து கோடாகிவிடும். 500க்குப் பதில் 300 வைத்துக் கணக்கிடுங்கள், சுமார் 11 விநாடி வரும். குறையும் வெளிச்சத்தை ஒரே படத்தில் ஈடுகட்டப் பார்க்காமல், லென்ஸை முழுதாகத் திறந்து, ஐஎஸ்ஓ 3200இல், ரா வடிவில் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பு) 16 படங்களைத் தொடர்ந்து எடுத்து, சீக்வேட்டர் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். இரைச்சல், அதாவது இருட்டுப் படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள், நான்கில் ஒரு பங்காகும். அப்போது கேமராவின் நீள்வெளிப்பாட்டு இரைச்சல் குறைப்பு அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே அளவு நேரம் ஷட்டரை மூடி வைத்துக் காத்திருக்கும். டிரைபாடில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வு தடுப்பும் வேண்டாம்.

ஃபோகஸ் வளையத்தின் முடிவிலிக் குறியை நம்பாதீர்கள், அது துல்லியமில்லை. லைவ் வியூவில் கேட்டை நட்சத்திரத்தை 10 மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை கையால் திருப்பி, வளையத்தை டேப்பால் ஒட்டுங்கள். அதன்பின் ஜூமைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்துதான். குளிர் ஏற ஏற ஃபோகஸ் கொஞ்சம் நகரும் என்பதால் மணிக்கொருமுறை சரிபாருங்கள்.

இருட்டில் திரை ஏமாற்றும். மங்கலான படமும் பிரமாதமாகத் தெரியும். திரை வெளிச்சத்தைக் குறைத்து, படத்தின் இருட்டு இடதிலும் வெளிச்சம் வலதிலும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மேடு இடது ஓரத்தை ஒட்டியிருந்தால் வெளிச்சம் போதவில்லை.

கொடைக்கானல், ஏலகிரி போன்ற இடங்களில் பனி சத்தமில்லாமல் லென்ஸில் படியும். அரை மணிக்கொருமுறை சிவப்பு விளக்கைச் சாய்வாகக் காட்டிப் பாருங்கள். துணியால் துடைத்தால் நிமிடங்களில் மீண்டும் படியும். பவர் பேங்கில் ஓடும் சூடேற்றும் பட்டையைத் தொடக்கத்திலேயே லென்ஸைச் சுற்றிக் கட்டிவிடுவதுதான் வழி.

வட்டக் கோடுகளாக நட்சத்திரச் சுழல் எடுக்க நினைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கோடுகளின் நடுவில் வரும் துருவ நட்சத்திரம் நம் ஊரில் அடிவானத்திலிருந்து 8 முதல் 13 பாகை உயரத்தில்தான் இருக்கும். வடக்கே ஒரு தென்னந்தோப்போ குன்றோ இருந்தாலே மறைந்துவிடும். பகலில் போகும்போதே திசைகாட்டியை வைத்து வடக்கு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.