மழையில் பின்சக்கர கார்: கிளட்சைக் கவனியுங்கள்

பவர் அதிகமுள்ள பின்சக்கர காரில் (என்ஜின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டும் போகும் காரில்) ஹெவி டியூட்டி கிளட்ச், அதாவது அதிக விசையைத் தாங்கும் கிளட்ச் போட்டிருந்தால், அது மெதுவாகப் பிடிக்காது, சட்டென்று கவ்வும். காய்ந்த சாலையில் ஒரு குலுக்கலோடு போய்விடும். ஈரத்தில் அந்த உதறலே பின்சக்கரத்தைச் சுழல வைத்துவிடும். அதனால் இரண்டாவது கியரில், ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டு நகர்த்துங்கள். சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை குறையும். நகர்ந்ததும் கிளட்சிலிருந்து காலை முழுதாக எடுத்துவிடுங்கள். அரைக் கிளட்சிலேயே ஓட்டினால் தேய்ந்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது கியர் குறைக்கும்போதுதான். கிளட்சைப் படக்கென்று விட்டால் என்ஜின் பின்சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கைத் தொடாமலேயே பின்பக்கம் வழுக்கும். முதலில் பிரேக்கில் வேகத்தைக் குறைத்து, அப்புறம் ஆக்சிலரேட்டரைச் சற்றே தட்டி ஆர்பிஎம்மை (என்ஜின் சுழலும் வேகத்தை) ஏற்றிவிட்டுக் கிளட்சை விடுங்கள். வளைவுக்குள் கியர் மாற்றவே வேண்டாம்.

அப்படியும் பின்பக்கம் விலகினால்? கிளட்சை மிதித்து, வழுக்கும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். பிரேக்கை அழுத்தாதீர்கள்.

டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. வரை குறையப் பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கிறது. இந்த மாதிரி காருக்கு அது போதாது என்பேன், 3 மி.மீ. ஆனதுமே மாற்றிவிடுங்கள்.