ஓவர்குளொக் செய்யப்போகும் கேமிங் கணினிக்கு டூயல்-கோரா, குவாட்-கோரா?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் பாவித்த பாகங்களைத் தேடி வாங்கி, முதல் கேமிங் கணினியைத் தாமே பூட்ட நினைப்பவர்களிடம் அடிக்கடி எழும் கேள்வி இது: ஓவர்குளொக் செய்யும்போது, அதாவது புரொசஸரை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும்போது, இரண்டு கோர்களை (புரொசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளை) மிக வேகமாக ஓட்டுவதா, நான்கு கோர்களைச் சற்றுக் குறைந்த வேகத்தில் ஓட்டுவதா? என் பதில் குவாட்-கோர்தான். ஆனால் காரணம் புரியாமல் வாங்கினால் மதர்போர்டிலும் கூலரிலும் பணம் கரைந்துவிடும்.

படி 1: நீங்கள் விளையாடும் கேம் எத்தனை கோர்களைக் கேட்கிறது?

டூயல்-கோர் நல்லது என்று இணையத்தில் எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை; அவர்கள் எழுதிய காலம் வேறு. 2008 ஜனவரியில் வந்த இன்டெலின் டூயல்-கோர் புரொசஸரான கோர் 2 டுவோ இ8400, 3.0 கிகாஹேட்ஸ் வேகம் கொண்டது. குவாட்-கோரான கியூ6600 வெறும் 2.4 கிகாஹேட்ஸ். அன்றைய கேம்களில் பெரும்பாலானவை ஓரிரு கோர்களிலேயே சுமையை ஏற்றின. ஆகவே இ8400ஐ 3.6 வரை ஏற்றியவர் அன்று வென்றார்.

2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகிய கேம் கன்சோல்கள் இரண்டும் வேகம் குறைந்த எட்டு கோர்களுடன் வந்தன. வேகமில்லாத கோர்களில் கேமை ஓட்ட வேண்டுமானால் வேலையைப் பங்கிட்டே ஆகவேண்டும்; கணினிக்கு வந்த கேம்களும் அப்படியே மாறின. அடுத்த ஆண்டு வந்த ஃபார் க்ரை 4, இரண்டு கோர், இரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) மட்டுமே உள்ள புரொசஸர்களில் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. கவுண்டர்-ஸ்டிரைக் 2 குறைந்தபட்சம் நான்கு திரெட் கேட்கிறது. பழைய கேம்கள் மட்டும் போதும் என்பவருக்கு டூயல்-கோர் இன்றும் போதும். மற்றவர்கள் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: தடை புரொசஸரில்தானா?

இப்போது ஒரு கணினி கையில் இருந்தால், கேமின் ரெசொலூஷனை 720பி அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். பிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படம்) கூடினால் தடை கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறது. கூடாவிட்டால் பெரும்பாலும் புரொசஸர்தான் திணறுகிறது.

படி 3: ஒரே மதர்போர்டில் இரண்டையும் வைத்துப் பாருங்கள்

2014இல் இன்டெல் வெளியிட்ட பென்டியம் ஜி3258 இரண்டு கோர், 3.2 கிகாஹேட்ஸ், 53 வாட். அதே ஆண்டின் கோர் ஐ5-4690கே நான்கு கோர், 3.5 கிகாஹேட்ஸ், 88 வாட். இரண்டிலும் மல்டிபிளையரை (கோரின் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண்ணை) கூட்டலாம்; இரண்டும் இஸட்97 மதர்போர்டில் அமரும். பென்டியம் குறைந்த வெப்பத்தோடு மேலே ஏறுவதால் ஓவர்குளொக் பழக அருமையான புரொசஸர். ஆனால் எவ்வளவு ஏற்றினாலும் அதற்கு மூன்றாவது கோர் முளைக்காது. புதிய கேமில் சராசரி பிரேம் நன்றாகத் தெரியும். எதிரி திரும்பும் அந்த நொடியில் படம் திக்கும். விளையாடுபவரை அதிகம் வெறுப்பேற்றுவது அதுதான்.

படி 4: கொழும்பின் வெக்கையைக் கணக்கில் எடுங்கள்

வெளிநாட்டுச் சோதனைகள் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸை ஒட்டிய அறைகளில் நடக்கின்றன. வெள்ளவத்தையில் ஏசி இல்லாத மேல்மாடி அறை ஏப்ரல் பிற்பகலில் 32 பாகையைத் தொடும். அறை பத்துப் பாகை கூடினால் புரொசஸரும் ஏறத்தாழ பத்துப் பாகை கூடும்.

மின்சாரக் கணக்கையும் பாருங்கள். புரொசஸர் எடுக்கும் வாட் அளவு, வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடுகிறது. 3.5இலிருந்து 4.2 கிகாஹேட்ஸுக்குப் போனால் 1.2 மடங்கு. அதற்காக 1.1 வோல்ட்டை 1.25 ஆக்கினால் இன்னும் 1.29 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் சுமார் 1.55. வேகம் இருபது வீதம் கூட, வெப்பம் ஐம்பத்தைந்து வீதம் கூடுகிறது! ஆகவே நம் ஊரில் நான்கு கோர்களை வோல்டேஜ் கூட்டாமல் கிடைக்கும் வேகம்வரை மட்டும் ஏற்றுவதே என் பரிந்துரை. மிச்சப் பணத்தை நல்ல கூலருக்குக் கொடுங்கள்.

படி 5: கடையில் பார்க்க வேண்டியவை

புரொசஸரின் உலோக மூடியில் பொறித்த எழுத்துகளை நீங்களே வாசியுங்கள். இன்டெலில் மல்டிபிளையர் திறந்தவற்றின் (அதை மாற்ற விடுபவற்றின்) பெயர் பொதுவாக ‘கே’யில் முடியும், ஜி3258 ஒரு விதிவிலக்கு. ஏஎம்டியின் ரைசன் பெரும்பாலும் திறந்தவைதான். ஆனால் ஏ320 மதர்போர்டில் ஓவர்குளொக் வசதி இல்லை, பி450இல் உண்டு.

இன்டெல் மதர்போர்டானால், “அண்ணா, சொக்கெட்டைத் திறந்து காட்டுங்கள்” என்று கேளுங்கள். கைத்தொலைபேசி வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்கள். ஊசிகளின் வரிசை ஒரே சீராக மின்ன வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் மினுக்கம் மாறினால் அங்கே ஊசி வளைந்திருக்கிறது, வாங்காதீர்கள்.

படி 6: வேகத்தைக் கூட்டுதல்

கணினி தொடங்கும்போது டெலீட் விசையை அழுத்தி பயோஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள்) செல்லுங்கள். மாற்றும் முன் அங்குள்ள மதிப்புகளைப் படமெடுத்து வையுங்கள். மல்டிபிளையரை ஒன்று கூட்டுங்கள். 100 மெகாஹேட்ஸ் கூடும். பிறகு புரொசஸருக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை ஓடவிட்டு, வெப்பநிலை காட்டும் கோர் டெம்ப் மென்பொருளில் வெப்பத்தைக் கவனியுங்கள். 80 பாகையைத் தாண்டினாலோ, சோதனையில் பிழை காட்டினாலோ ஒரு படி கீழிறங்குங்கள். இரவில் குளிர்ந்த அறையில் தேறியதை நம்பாமல், பிற்பகல் இரண்டு மணிக்கு மீண்டும் ஓட்டுங்கள்.

திரையே வராமல் போனால் பதற வேண்டாம். மின் இணைப்பைக் கழற்றி, மதர்போர்டிலுள்ள நாணய வடிவ பற்றரியைச் சில நிமிடங்கள் எடுத்துவிட்டு மீண்டும் போடுங்கள். பொதுவாக அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எடுத்து வைத்த படத்தைப் பார்த்து, கடைசியாகத் தேறிய வேகத்திலிருந்து தொடருங்கள்.