தொங்கு சீலிங்குக்கு மேலே கேபிள் இழுப்பவர்களுக்கு

மட்டக்களப்பு கல்லடியில் கடை போட்டு, இரண்டடிச் சதுரப் பலகை வைத்த சீலிங்கும் அடித்துவிட்டீர்களா? கமராவுக்கோ இணையத்துக்கோ கேபிள் இழுக்க எல்லாப் பலகைகளையும் கழற்ற வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, இடையில் எறிதூரத்துக்கு ஒன்று போதும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தூண்டில் நைலோன் நூலின் நுனியில் சிறிய நட்டைக் கட்டி மேலால் எறியுங்கள். வாவிக்கரையில் தூண்டில் நூலுக்கா பஞ்சம்! அந்த நூலால் முதலில் தடித்த கயிற்றை இழுத்து, பிறகு கயிற்றில் கேபிளைக் கட்டி இழுங்கள். மெல்லிய நூலால் நேரடியாக இழுத்தால் கேபிளின் உறை வெட்டுப்படலாம்.

இழுத்த கேபிளைப் பலகைமேல் அப்படியே கிடத்துவதுதான் நம்மவர்களின் பெரிய சோம்பேறித்தனம். சீலிங்கைத் தாங்கும் கம்பியிலும் கட்டாதீர்கள்; அது சீலிங்குக்கு மட்டும். கூரை மரத்தில் நான்கைந்து அடிக்கு ஒரு கொக்கி அடித்து, இறுக்காமல் தொங்கவிடுங்கள். தகரக் கூரையென்றால் தகரத்தில் படக்கூடாது; சித்திரை வெயிலில் உறை கெட்டுவிடும்.

மின்கம்பியிலிருந்து இணையக் கேபிள் ஓரடியாவது விலகிப் போகட்டும். கடக்க நேர்ந்தால் சிலுவைபோல் நேர் குறுக்காகக் கடக்கட்டும். இரு முனைகளிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். இன்னொரு கயிற்றையும் உள்ளேயே விட்டுவையுங்கள், அடுத்த கேபிளுக்கு உதவும்.