ஒரு மூடை நெல் மறை 15,000 ரூபாயா? ஒருங்கமை சமன்பாடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சிப் பக்கம் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு மாலையில் கணித வகுப்பு எடுக்கிறேன். போன காலபோக அறுவடை முடிந்த கையோடு வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தேன். சம்பா, நாடு என்று இரண்டு நெல் வகைகள். 2 மூடை சம்பாவும் 3 மூடை நாடும் விற்ற ஒருவருக்கு 37,000 ரூபாய் கிடைத்தது. அதே விலைக்கு 1 மூடை சம்பாவும் 2 மூடை நாடும் விற்ற இன்னொருவருக்கு 22,000 ரூபாய். ஒவ்வொன்றும் மூடை என்ன விலை?

பாடப்புத்தகத்தில் வரும் எக்ஸ், வை இரண்டையும் இங்கே க, ப என்று எழுதுகிறேன். கொப்பியில் நீங்கள் வழமைபோலவே எழுதுங்கள். ஒரு மூடை சம்பாவின் விலை க ரூபாய், ஒரு மூடை நாட்டின் விலை ப ரூபாய் என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டிய ஒருங்கமை சமன்பாடுகள் இவை:

2க + 3ப = 37,000 … (1)
க + 2ப = 22,000 … (2)

முன்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை கடகடவென்று செய்து முடித்துவிட்டாள். இரண்டாவது சமன்பாட்டை 2 ஆல் பெருக்கினால் க நீங்கும் என்று சரியாகவே கண்டிருந்தாள். ஆனால் பெருக்கியபோது 2க + 4ப = 22,000 என்று எழுதிவிட்டாள். இடப்பக்கம் இரட்டித்தது, வலப்பக்கம் இருந்தபடியே இருந்தது. அதிலிருந்து (1) ஐக் கழிக்க, ப = −15,000, அதாவது மறை 15,000, என்று வந்தது. அதை (2) இல் போட்டு க = 52,000 என்றும் எடுத்துவிட்டாள். கீழே "சரிபார்த்தல்" என்று கோடிட்டு, 52,000 − 30,000 = 22,000 என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சரியும் போட்டிருந்தாள்.

"பிள்ளை, இது சரியோ?" என்று கேட்டேன்.

"செய்து பாத்தனான் சேர், சரியாத்தான் வருது."

"உங்கட அப்பா இந்தமுறை சம்பாவை மூடை என்ன விலைக்குக் குடுத்தவர்?"

அவள் கொப்பியைத் திரும்பப் பார்த்தாள். வீட்டில் நெல் விதைக்கிற பிள்ளை. மூடை 52,000 என்றால் தகப்பன் அன்றைக்கே புது உழவு இயந்திரம் எடுத்திருப்பார் என்பது அவளுக்குத் தெரியும். நாடு வாங்குகிறவருக்கு மூடைக்கு 15,000 ரூபாய் நாமே குடுத்து அனுப்புவது எப்படி என்றும் அப்போதுதான் யோசித்தாள்.

இந்த ஒரு பக்கத்தில் மூன்று பிழைகள் இருக்கின்றன. முதலாவது எல்லாருக்கும் தெரிந்தது: பெருக்கினால் சமன் குறிக்கு இரு பக்கமும் பெருக்க வேண்டும். பின்னம் வரும் கணக்குகளிலும் இதே பிழைதான் வேறு உருவில் வரும். க/2 + ப/3 = 4 என்பதை 6 ஆல் பெருக்கினால் 3க + 2ப = 24. அந்த 24 ஐ 4 என்றே விட்டுவிடுகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். மூன்றாவது, வந்த விடையை வாழ்க்கையோடு ஒருமுறை வைத்துப் பார்க்காதது. இரண்டாவதைப் பற்றித்தான் நான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவள் சரிபார்த்தாள். சரிபார்த்தும் பிழை பிடிபடவில்லை.

ஏன் பிடிபடவில்லை? க இன் பெறுமானத்தை (2) இலிருந்துதான் எடுத்தாள். அதைத் திரும்ப (2) இலேயே போட்டால் பொருந்தாமல் எங்கே போகும்? ப எவ்வளவு பிழையாக இருந்தாலும், (2) பொருந்தும்படியாகத்தானே க ஐக் கண்டுபிடித்திருக்கிறாள். அவள் (1) இல் போட்டுப் பார்த்திருந்தால் 1,04,000 − 45,000 = 59,000 என்று வந்திருக்கும். வேண்டியது 37,000. உடனே பிழை தெரிந்திருக்கும். சரியான விடை க = 8,000, ப = 7,000. இது இரண்டிலும் பொருந்துகிறது: 16,000 + 21,000 = 37,000; 8,000 + 14,000 = 22,000.

ஒரு சமன்பாட்டில் உள்ளதை மற்றதில் போட்டுத் தீர்க்கிற பிரதியிடும் முறையிலும் இதே பொறி இருக்கிறது.

ப = 2க − 3 … (1)
4க − 3ப = 1 … (2)

(1) ஐ (2) இல் பிரதியிட்டால் 4க − 3(2க − 3) = 1. அடைப்புக்குறி நீக்கும்போது −3 தர (×) −3 என்பது +9. பாதிப் பிள்ளைகள் −9 என்று எழுதுவார்கள். அப்போது −2க = 10, க = −5, ப = −13 என்று வரும். இதை (1) இல் போட்டுப் பாருங்கள்: 2 தர −5 சய 3 (2 × −5 − 3), அது −13. அச்சாவாகப் பொருந்துகிறது! (2) இல் போட்டால்தான் −20 + 39 = 19 என்று வந்து குட்டு வெளிப்படும். உண்மையான விடை க = 4, ப = 5.

ஆகவே, கடைசிப் பெறுமானத்தை எந்தச் சமன்பாட்டிலிருந்து எடுத்தீர்களோ, அதில் பார்ப்பது பார்த்ததாகாது. மற்றதில் பாருங்கள். அதுவும் வினாத்தாளில் அச்சடித்திருக்கிற மூலச் சமன்பாட்டில் பாருங்கள். நீங்கள் பெருக்கி மாற்றி எழுதியதில் வேண்டாம். பெருக்கும்போதே பிழைத்திருந்தால், மாற்றி எழுதியது பிழைக்குத்தான் சாட்சி சொல்லும்.

அடுத்தது குறி. சக (+), சய (−) விவகாரம்.

3க + 2ப = 16
3க − 5ப = 2

மேலதிலிருந்து கீழதைக் கழிக்க வேண்டும். 2ப இலிருந்து −5ப ஐக் கழித்தால் 7ப. பிள்ளைகள் மனதுக்குள் 2 சய 5 என்று செய்து −3ப என்று எழுதிவிடுவார்கள். இதற்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: கழிக்கவே வேண்டாம். கீழ்ச் சமன்பாட்டை, வலப்பக்கமும் சேர்த்து, எல்லாக் குறியையும் மாற்றி ஒரு புதிய வரியாக எழுதுங்கள்: −3க + 5ப = −2. பிறகு கூட்டுங்கள். 7ப = 14, ப = 2, க = 4. ஒரு வரி கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

"குறி ஒன்றானால் கழி, வேறானால் கூட்டு" என்று பாடமாக்கியவர்களும் தடுமாறுவதுண்டு. மேலே உள்ள கணக்கில் +2ப, −5ப என்று ப இன் குறிகள் வேறாக இருப்பதைப் பார்த்துக் கூட்டிவிடுவார்கள்; 6க − 3ப = 18 என்று வந்து, ஒன்றும் நீங்காமல் நிற்கும். எந்தக் கணியத்தை நீக்கப் போகிறோமோ அதன் குறியை மட்டும்தான் பார்க்க வேண்டும். இங்கே நீக்குவது க. அதன் குறிகள் ஒன்றுதான்.

சீனாவில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே இப்படியான கணக்குகளைக் குச்சிகளை நிரல் நிரலாக அடுக்கித் தீர்த்திருக்கிறார்கள். அதில் ஒரு கணக்கு எங்கள் வயற்கணக்குப் போலவே இருக்கும்: முதல்தரம், இடைத்தரம், கடைத்தரம் என்று மூன்று வகைக் கதிர்க்கட்டுகள், ஒவ்வொரு கட்டிலும் எவ்வளவு தானியம் என்று கேள்வி. நேர் எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, மறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சி என்று 3 ஆம் நூற்றாண்டில் லியூ ஹுயி என்ற சீனக் கணித அறிஞர் எழுதி வைத்தார். குறியைக் கண்ணுக்குத் தெரிய வைக்க வேண்டும் என்ற அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கும். வீட்டுப் பயிற்சியில் மறைக் குறிகளை மட்டும் நிறப் பேனையால் வட்டமிட்டுப் பாருங்கள். இரண்டு கிழமையில் கண் பழகிவிடும்.

வரிகளைச் செலவழிக்கப் பயப்பட வேண்டாம் என்று நான் அடிக்கடி சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. தொண்ணூறுகளில் வன்னியில் படித்த எங்களுக்குக் கொப்பித் தட்டுப்பாடு. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் திரி எரிகிற நேரத்துக்குள், இருக்கிற தாளுக்குள் கணக்கை முடிக்க வேண்டும். ஒரு வரிக்குள் மூன்று படியைத் திணித்து எழுதப் பழகினோம். அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்குக் கொப்பி இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சையின் இரண்டாம் வினாத்தாளில் ஒரு வினாவுக்கு 10 புள்ளி. அந்தப் புள்ளிகள் படிகளுக்குப் பிரிந்து கிடக்கின்றன. கடைசி விடை பிழைத்தாலும் படி எழுதியிருந்தால் திருத்துகிறவர் தரக்கூடியதைத் தருவார். மனதுக்குள் செய்த படிக்கு அவர் எதைப் பார்த்துப் புள்ளி போடுவார்?

இனி வசனக் கணக்குகள். ஒரு வீட்டில் மாடுகளைப் போல மூன்று மடங்கு ஆடுகள். ஆடுகளின் எண்ணிக்கை க, மாடுகளின் எண்ணிக்கை ப. சமன்பாடு என்ன? வகுப்பில் கேட்டால் 3க = ப என்று பல குரல் வரும். "மூன்று மடங்கு ஆடு" என்பதை அப்படியே 3க என்று எழுதிவிடுகிறார்கள். 10 மாடு என்று வையுங்கள். அப்போது 30 ஆடு. 3க என்றால் 90, ப என்றால் 10. சமனாகவில்லை. சரியானது க = 3ப. சிறியதை மூன்றால் பெருக்கினால்தான் பெரியதுக்குச் சமனாகும். இதில் பிழைக்கிற பிள்ளைகள் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பொறியியல் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களிடம் இதே மாதிரிக் கேள்வி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள்; பெரும்பாலும் இப்படித் தலைகீழாக எழுதித்தான்.

இந்தப் பிழையின் வேர், எழுத்தைப் பொருளாக நினைப்பது. "க = சம்பா" என்று எழுதித் தொடங்குகிற கொப்பியைக் கண்டால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். சம்பா என்றால் என்ன? மூடைகளின் எண்ணிக்கையா, ஒரு மூடையின் விலையா, மொத்தப் பணமா? "ஒரு மூடை சம்பாவின் விலை க ரூபாய்" என்று முழு வசனமாக எழுதுங்கள். 50 ரூபாய்த் தாளும் 100 ரூபாய்த் தாளுமாக 20 தாள்கள், மொத்தம் 1,400 ரூபாய் என்ற கணக்கில் இது உடனே தெரியும். க உம் ப உம் தாள்களின் எண்ணிக்கை என்று எழுதியவர், க + ப = 20 என்றும் 50க + 100ப = 1,400 என்றும் தானாகவே எழுதுவார். வெறுமனே "க = 50 ரூபாய்" என்று எழுதியவர் க + ப = 1,400 என்று எழுதிவிட்டு முழிப்பார். வயதுக் கணக்கில் ஐந்து வருடம் போனால் இருவருக்கும் வயது கூடும் என்பதையும், பத்தின் இலக்கம் க, ஒன்றின் இலக்கம் ப என்றால் ஈரிலக்க எண்ணை 10க + ப என்றுதான் எழுத வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபுக்கு வருவோம். இரணைமடுக் குளத்தில் 30 அடி தண்ணீர் நிற்கிறது, சிறுபோகத்துக்கு வாய்க்கால் திறந்தபின் கிழமைக்கு 2 அடி குறைகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். க கிழமைக்குப் பின் நீர்மட்டம் ப அடி என்றால் ப = 30 − 2க. இரண்டு புள்ளி இருந்தால் கோடு கீறலாம்தான். ஆனால் அதில் ஒன்று பிழைத்தாலும் ஒரு நேர்கோடு வரத்தான் செய்யும், பிழை தெரியாது. மூன்றாவது புள்ளி ஒன்றும் குறியுங்கள். மூன்றும் அடிமட்டத்தின் விளிம்பில் நின்றால்தான் கோட்டைக் கீறலாம். (2, 26) ஐ (26, 2) என்று குறிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது: பனையடிக்கு நடந்து போகாமல் பனையில் ஏற முடியாது. முதலில் கிடையாக நடை, பிறகு மேலே ஏறு. கோட்டின் சாய்வைச் சொல்லும் படித்திறனிலும் கவனம். 2க + ப = 8 இன் படித்திறன் 2 என்று எழுதாதீர்கள். ப ஐத் தனியாக்கினால் ப = −2க + 8; படித்திறன் −2. குளம் வற்றுகிற கோடு போல இதுவும் இடமிருந்து வலமாக இறங்கும்.

சிலவேளை இரண்டு கணியமும் ஒன்றாக நீங்கிப் போகும். க + 2ப = 8, 2க + 4ப = 10 என்பதைத் தீர்க்கப் போனால் 0 = 6 என்று வரும். உடனே எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். அவை சமாந்தரக் கோடுகள், வெட்டிக்கொள்ளாது. தீர்வு இல்லை என்பதுதான் விடை. வலப்பக்கம் 10 க்குப் பதிலாக 16 இருந்தால் 0 = 0 என்று வரும். இரண்டும் ஒரே கோடு; தீர்வுகள் எண்ணற்றவை.

பயிற்சி செய்கிற விதத்திலும் பிழை இருக்கிறது. ஒரே அப்பியாசத்தில் ஒரே மாதிரி இருபது கணக்கைத் தொடர்ந்து செய்தால் மூன்றாவதுக்குப் பிறகு கைதான் வேலை செய்யும், மூளை தூங்கிவிடும். நீக்கல் இரண்டு, பிரதியிடல் இரண்டு, வசனக் கணக்கு ஒன்று, வரைபு ஒன்று என்று கலந்து செய்யுங்கள். புத்தகத்தின் பின்பக்க விடையைப் பார்க்குமுன் நீங்களே போட்டுப் பாருங்கள். பரீட்சை மண்டபத்தில் பின்பக்கம் இருக்காது. பிழைத்த வரியை அழிறப்பரால் அழிக்காமல் ஒரு கோட்டால் வெட்டிவிடுங்கள். மாதக் கடைசியில் கொப்பியைப் புரட்டினால் நீங்கள் திரும்பத் திரும்ப எங்கே விழுகிறீர்கள் என்று அந்த வெட்டுகள் காட்டும். ஒருவருக்கு அது அடைப்புக்குறியாக இருக்கும், இன்னொருவருக்கு வலப்பக்கமாக இருக்கும்.

அப்புறம், கணக்குத் தீர்ந்துவிட்டால் நீங்களே ஒன்று செய்யுங்கள். விடையை முதலில் வையுங்கள்: க = 4, ப = −1. இப்போது 2க + 3ப எவ்வளவு? 8 சய 3, அது 5. 5க − ப எவ்வளவு? 20 சக 1, அது 21. ஆகவே 2க + 3ப = 5, 5க − ப = 21. தாளில் எழுதிப் பக்கத்து வாங்குக்குக் குடுங்கள், அவர்கள் செய்ததை உங்களுக்குக் குடுக்கச் சொல்லுங்கள். அந்த மறை 15,000 பிள்ளை இப்போது கிழமைக்கு ஐந்து கணக்காவது இப்படிச் செய்து கொண்டுவருகிறாள். எல்லாவற்றிலும் கடைசியில் இரண்டு வரி, (1) க்கு ஒன்று, (2) க்கு ஒன்று.